ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: கிரெடிட், தேர்வுப் பதிவு, மூன்று வாய்ப்பு, உதவி கேட்கும் இடங்கள் – முழு வழிகாட்டி

ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கக் கிளம்புகிறவர்களிடம் நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், செலவுப் பணத்தைப் போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுண்ட், விசா ஸ்லாட் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார்கள். ஆனால் போய் இறங்கிய பிறகு அங்கே பாடம் எப்படி நடக்கும், ஒரு பேப்பரில் கோட்டை விட்டால் என்ன ஆகும், சிக்கல் வந்தால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் பேசுவதில்லை. இரண்டாம் செமஸ்டரில் முழி பிதுங்குவது பெரும்பாலும் இதில்தான், அதிலும் நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு, ஏனென்றால் நாம் பழகிய எந்தப் பிடிமானமும் அங்கே இருக்காது. தூக்கிவிட இன்டர்னல் மார்க் கிடையாது, பெரும்பாலான வகுப்புகளுக்கு அட்டெண்டன்ஸ் கிடையாது, வீட்டுக்கு ஃபோன் போட்டு மிரட்டும் எச்.ஓ.டி.யும் கிடையாது. உதவி தாராளமாக இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். நீங்களாகப் போய்க் கேட்காதவரை அது உங்களைத் தேடி வராது, அவ்வளவுதான். அப்படிக் கேட்பதற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் விதி கெம்னிட்ஸில் இருக்காது, ஒரே பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கலுக்கு ஒன்று கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஒன்று என்றும் இருக்கும். ஆகவே கீழே "பல இடங்களில்" என்று நான் எழுதும்போதெல்லாம் உங்கள் துறையின் விதியைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீனியர் அண்ணன் சொன்னார் என்பதை மட்டும் ஆதாரமாக எடுக்க வேண்டாம், அவர் படித்தது பழைய ரெகுலேஷனாக இருக்கலாம்.

படி 1: கிளம்பும் முன் மூன்று ஆவணங்கள்

முதலாவது, தேர்வு விதிமுறை. ஜெர்மனில் ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங் என்பார்கள், துறையின் இணையதளத்தில் பிடிஎஃப்ஆகக் கிடைக்கும். சட்ட மொழியில் இருக்கும், படித்தால் கொட்டாவி வரும், ஆனாலும் படியுங்கள். ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால்கூட, சண்டை என்று வந்தால் ஜெர்மன் மூலம்தான் செல்லும். அதில் தேட வேண்டியவை: ஒரு தேர்வை எத்தனை முறை எழுதலாம், எத்தனை நாள் முன்பு வரை பதிவை ரத்து செய்யலாம், உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் சான்று கொடுக்க வேண்டும், தீசிஸ் தொடங்க எத்தனை கிரெடிட் வேண்டும், மொத்தமாக எத்தனை செமஸ்டருக்குள் முடிக்க வேண்டும்.

இரண்டாவது, மாட்யூல் ஹேண்ட்புக். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்றிரண்டு பக்கம் இருக்கும். பாடத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். எழுத்துத் தேர்வா வாய்மொழியா, குளிர்காலத்தில் மட்டும் நடக்கிறதா கோடையிலும் நடக்கிறதா, முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்த மொழியில் என்று எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஆங்கிலவழிப் படிப்பு என்று சேர்ந்த பிறகு, ஆசைப்பட்ட விருப்பப் பாடங்களில் பாதி ஜெர்மனில் மட்டும்தான் என்று மூன்றாம் செமஸ்டரில் தெரிந்துகொள்கிறவர்கள் நிறையப் பேர்.

மூன்றாவது, அட்மிஷன் கடிதம். ஏற்கெனவே படித்துவிட்டோமே என்பீர்கள். கடைசிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். உங்கள் பி.இ.யில் சில பாடங்கள் போதவில்லை என்று அவர்கள் நினைத்தால், சேர்க்கையோடு சேர்த்து நிபந்தனைப் பாடங்கள் போட்டிருப்பார்கள், அவ்ஃப்லாகன் என்று பெயர். பொதுவாக முதல் ஆண்டுக்குள் முடிக்கச் சொல்வார்கள், அந்த கிரெடிட் உங்கள் மாஸ்டர்ஸ் கணக்கில் சேராது. பேச்சலர்ஸ் பாடம் என்பதால் பெரும்பாலும் ஜெர்மனிலேயே நடக்கும். இப்படி ஏதாவது இருந்தால் விமானம் ஏறும் முன்பே துறையின் பாட ஆலோசகருக்கு ஒரு மெயில் போட்டு, உங்கள் பி.இ. சிலபஸை இணைத்து, இதே பாடத்தை நான் படித்திருக்கிறேன், விலக்கு கிடைக்குமா என்று கேளுங்கள். சிலபஸைப் பாடவாரியாக, நேரக்கணக்கோடு வைத்திருப்பவர்களுக்கு இது நடக்க வாய்ப்புண்டு. கல்லூரியிலிருந்து கிளம்பும்போதே அந்த சிலபஸ் புத்தகத்தை முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

விசா தாமதமானால் என்ன செய்வது என்பதும் இங்கேயே. வகுப்புகள் பல்கலைக்கழகங்களில் அக்டோபர் நடுவில் தொடங்கும், ஹோக்ஷூலே எனப்படும் பயன்பாட்டு அறிவியல் கல்லூரிகளில் இன்னும் முன்பே. நவம்பரில் போய்ச் சேரும் நிலை வந்தால் சும்மா இருக்காதீர்கள், தாமதமாகச் சேர அனுமதி உண்டா, கடைசித் தேதி என்ன என்று எழுதிக் கேட்டு, பதிலை மெயிலாகவே வாங்கி வையுங்கள். இந்த இடத்தை அப்படியே அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கி வைக்கும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இல்லை, திரும்ப விண்ணப்பிக்க வேண்டியதுதான்.

படி 2: கிரெடிட்டை மணிக்கணக்காகப் பாருங்கள்

மாஸ்டர்ஸ் பொதுவாக 120 ஈசிடிஎஸ் (ஐரோப்பிய கிரெடிட் கணக்கு), நான்கு செமஸ்டர், செமஸ்டருக்கு 30. ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக 6 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 180 மணி நேரம் வரை. அதில் வகுப்பில் உட்காரும் நேரம் 60 மணியைத் தாண்டாது, மீதி நூற்றுச் சொச்சம் நீங்கள் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டியது. வாரத்துக்கு பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு, ஜாலி என்று முதல் மாதம் தோன்றும். அந்த ஜாலி பொய்.

முதல் செமஸ்டரில் 30 கிரெடிட் எடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. வீடு தேடுவது, ஊர் அலுவலகத்தில் முகவரிப் பதிவு, வங்கி, இன்சூரன்ஸ், குளிர், சமையல் என்று எல்லாம் சேர்ந்து வரும் நேரம் அது. 20, 24 கிரெடிட்டோடு ஆரம்பித்து அவற்றை ஒழுங்காக முடிப்பது மேல் என்பது என் கருத்து. ஆறு பாடம் எடுத்து நாலில் சறுக்குவதால் யாருக்கும் லாபமில்லை. ஆனால் குடியிருப்பு அனுமதியை நீட்டிக்கப் போகும்போது வெளிநாட்டவர் அலுவலகம் படிப்பு முன்னேறுகிறதா என்று பார்க்கும், மதிப்பெண் பட்டியல் கேட்கும். ஆகவே குறைவாக எடுப்பதற்கும் ஒரு எல்லை உண்டு.

படி 3: முதல் நான்கு வாரம்

அட்டவணையில் 10 சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10.15க்கு. எஸ்.டி. என்று இருந்தால் சரியாகப் பத்து. பேராசிரியர் முடித்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அவர்கள் ஊர்க் கைதட்டல், நீங்களும் தட்டலாம்.

விரிவுரை ஒரு பக்கம், ஊபுங் எனப்படும் பயிற்சி வகுப்பு இன்னொரு பக்கம். நம் ஆட்கள் விரிவுரைக்குப் போய்விட்டு ஊபுங்கைத் தவிர்ப்பார்கள், இரண்டுக்குமே அட்டெண்டன்ஸ் இல்லை என்பதால். தலைகீழாகச் செய்யுங்கள் என்றுகூடச் சொல்வேன். விரிவுரையின் ஸ்லைடுகள் எப்படியும் மூடில், இலியாஸ் போன்ற பாட இணையதளத்தில் ஏறிவிடும். தேர்வில் வரும் கணக்கின் சாயல் ஊபுங் தாள்களில்தான் இருக்கும், அதை நடத்துகிற ஆராய்ச்சி மாணவர்தான் பல நேரங்களில் வினாத்தாள் தயாரிப்பிலும் விடைத்தாள் திருத்துவதிலும் இருப்பார். சில பாடங்களில் வாராந்திரத் தாள்களில் பாதிப் புள்ளி எடுத்தால்தான் தேர்வு எழுதவே அனுமதி. வேறு சிலவற்றில் போனஸ் புள்ளி, ஆனால் தேர்வில் பாஸ் ஆன பிறகுதான் அது சேரும். இது எந்தப் பாடத்தில் எப்படி என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், அதனால் முதல் வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். லேப், செமினார் இரண்டுக்கும் வருகை கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த நாலு வாரத்தில் வேறு இரண்டு வேலை இருக்கிறது. பல்கலைக்கழக மொழி மையத்தில் ஜெர்மன் வகுப்பு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ கிடைக்கும், பதிவு திறந்த சில மணி நேரத்தில் இடம் போய்விடும். அப்புறம் ஃபாக்ஷாஃப்ட், அதாவது உங்கள் துறையின் மாணவர் மன்றம். அங்கே ஒரு அறை, ஒரு பழைய சோபா, ஒரு காபி மெஷின், நாலைந்து ஜெர்மன் மாணவர்கள் இருப்பார்கள், உள்ளே போகக் கூச்சமாக இருக்கும். போய்விடுங்கள். பழைய வினாத்தாள்கள் அவர்களிடம்தான் இருக்கும், எந்தப் பேராசிரியர் எப்படிக் கேட்பார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். தமிழ்ப் பையன்கள் குழுவிலேயே இரண்டு ஆண்டையும் ஓட்டிவிட்டால் இந்தத் தகவல்கள் எல்லாம் நாலாவது கை மாறித்தான் உங்களிடம் வரும்.

படி 4: தேர்வுக்குப் பதிவு

இதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். பாடத்துக்குப் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. வகுப்பில் பெயர் இருக்கிறது, மூடிலில் இருக்கிறேன், அதனால் தேர்வு எழுதலாம் என்று நினைக்க முடியாது. தேர்வுக்கான பதிவு தனியாக ஒரு போர்ட்டலில், தனியாக ஒரு கால அளவில் நடக்கும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டியூஎம்ஆன்லைன், ஆஹனில் ஆர்டபிள்யூடிஎச்ஆன்லைன், இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று. குளிர்கால செமஸ்டர் தேர்வு பிப்ரவரியில் இருக்கும், பதிவு பல இடங்களில் நவம்பர், டிசம்பரிலேயே முடிந்துவிடும். பதிவு செய்யாமல் போய் உட்கார்ந்தால் பெயர்ப் பட்டியலில் நீங்கள் இல்லை, எழுதினாலும் திருத்த மாட்டார்கள். ஃபைன் கட்டிச் சேர்ந்துகொள்ளலாம் என்பது நம் ஊர்ப் பழக்கம், அங்கே அது நடக்காது.

மறுபக்கமும் ஆபத்துதான். பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் 5.0, அதாவது ஃபெயில், ஒரு வாய்ப்பும் போச்சு. தயாராகவில்லை என்று தெரிந்தால் ரத்து செய்வதற்கான தேதிக்குள் போர்ட்டலில் ரத்து செய்யுங்கள். அது சில இடங்களில் ஒரு வாரம் முன்பு வரை, சில இடங்களில் சில நாள் முன்பு வரை. ஒரு முறை ஃபெயில் ஆன தேர்வுக்கு அடுத்த முறை தானாகவே உங்களைப் பதிவு செய்துவிடும் பல்கலைக்கழகங்களும் உண்டு, அங்கே ரத்து செய்யும் உரிமையும் இருக்காது.

பதிவு முடிந்ததும் போர்ட்டலிலிருந்து உறுதிப்படுத்தும் பிடிஎஃபை இறக்கி, தேதியோடு சேமித்து வையுங்கள். கணினிக் கோளாறு என்று பிறகு போய்ப் பேச அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

படி 5: மூன்று வாய்ப்பு, அதற்கு மேல் இல்லை

நம் ஊரில் அரியர் என்பது ஒரு சின்ன மானக்கேடு, அவ்வளவுதான். ஏழாவது செமஸ்டரில் இரண்டாவது செமஸ்டர் கணக்குப் பேப்பரை எழுதுகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருந்தார்கள், பாஸ் ஆகி நல்ல வேலைக்கும் போனார்கள். இந்தப் பழக்கத்தோடு ஜெர்மனிக்குப் போவதுதான் சிக்கல்.

பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று முயற்சி. மூன்றாவதிலும் தோற்றால், அதுவும் கட்டாயப் பாடம் என்றால், படிப்பே முடிந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நீக்குவார்கள், அதே படிப்பில் ஜெர்மனியின் வேறு எந்தப் பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. வேறு இடத்துக்கு மாறப் போனால், இவருக்கு இன்னும் தேர்வு உரிமை இருக்கிறது என்று பழைய இடத்திலிருந்து சான்று கேட்பார்கள். குடியிருப்பு அனுமதி படிப்போடு கட்டியது என்பதால் அதுவும் ஆட்டம் காணும். சில இடங்களில் முயற்சிக்கு எண்ணிக்கை இல்லை, அதற்குப் பதில் இத்தனையாவது செமஸ்டர் முடிவுக்குள் இத்தனை கிரெடிட் என்று எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தவறவிட்டாலும் கதை இதேதான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பாஸ் ஆகிவிட்ட தேர்வை மார்க்கை உயர்த்துவதற்காகத் திரும்ப எழுத பொதுவாக விட மாட்டார்கள். விதிவிலக்கு சில இடங்களில் உண்டு, உங்கள் விதிமுறையில் பாருங்கள். ஆகவே அரைகுறையாகப் படித்துவிட்டு "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று போனால் இரண்டு கெடுதல் நடக்கலாம்: ஃபெயில் ஆகி ஒரு வாய்ப்பு போகும், இல்லையென்றால் 3.7இல் பாஸ் ஆகி அந்த 3.7 கடைசி வரை ஒட்டிக்கொண்டு வரும்.

ஒரு தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டால் மூன்றாவதுக்குப் பதிவு செய்யும் முன் பாட ஆலோசகரிடம் நேரம் வாங்கி நேரில் போய் உட்காருங்கள். ஃபாக்ஷ்டூடியன்பெராட்டுங் என்று தேடினால் உங்கள் துறையில் யார் என்று தெரியும். கேட்க வேண்டியவை இவை: விருப்பப் பாடம் என்றால் இதை விட்டுவிட்டு வேறொன்றை எடுக்க முடியுமா, எழுத்தில் தோற்றால் அதே தேர்வுக்குக் கூடுதலாக ஒரு வாய்மொழி வாய்ப்பு உண்டா, கடுமையான தனிப்பட்ட சூழல் இருந்தால் கூடுதல் முயற்சிக்கு விண்ணப்பிக்கும் வழி உண்டா. இந்த மூன்றும் சில இடங்களில் இருக்கின்றன, தோற்ற பிறகு கேட்பதைவிட முன்பே கேட்டால் வழி அதிகம். வெட்கப்பட்டு அறைக்குள் முடங்கிக் கிடப்பதில் ஒரு பயனும் இல்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது அன்றாட வேலை.

படி 6: தேர்வு நாள்

பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அட்டை, மாணவர் அட்டை, இரண்டும் மேசை மேல் இருக்க வேண்டும். என்ன கால்குலேட்டர் அனுமதி என்று முன்பே பாருங்கள், புரோகிராம் செய்யக்கூடியதைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். சில பாடங்களில் கையால் எழுதிய ஒரு ஏ4 தாள் கொண்டுவரலாம் என்பார்கள். அந்தத் தாளைத் தயாரிப்பதே பாதிப் படிப்பு, நண்பனுடையதை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். 90 நிமிடம், 120 நிமிடம்தான் நேரம். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதி அடிஷனல் ஷீட் வாங்குகிற பாணி இங்கே உதவாது. விளக்கு என்றால் நாலு வரி, காரணம் சொல் என்றால் காரணம் மட்டும்.

வாய்மொழித் தேர்வு நம் ஊர் வைவா மாதிரி சம்பிரதாயம் இல்லை, மொத்த மார்க்கும் அந்த 20, 30 நிமிடத்தில்தான். பேராசிரியர் கேட்பார், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டே இருப்பார். அவர் எழுதுவதைப் பார்த்து பயப்பட வேண்டாம், அது விதிப்படி வேண்டிய பதிவு. தாளும் பேனாவும் கொடுப்பார்கள், வரைந்து விளக்குங்கள். தெரியவில்லை என்றால் தெரிந்த இடத்திலிருந்து சத்தமாக யோசியுங்கள். மனப்பாடம் செய்த வரையறையை ஒப்பித்தால் அடுத்த கேள்வி நிச்சயமாக "ஏன்?" என்றுதான் வரும்.

உடம்பு சரியில்லையென்றால் எழுதப் போகவே கூடாது. காய்ச்சலோடு போய் எழுதிவிட்டு, பிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். தேர்வு நாளிலோ அதற்கு முன்போ மருத்துவரைப் பார்த்து அட்டெஸ்ட் எனப்படும் மருத்துவச் சான்று வாங்கி, விதியில் சொன்ன நாளுக்குள், பல இடங்களில் மூன்று நாளுக்குள், தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வேலைக்கு விடுப்பு எடுக்கக் கொடுக்கும் சாதாரணச் சான்று சில இடங்களில் செல்லாது, பல்கலைக்கழகத்தின் தனிப் படிவத்தில் மருத்துவர் எழுதித் தர வேண்டும். அந்தப் படிவத்தை இப்போதே இறக்கி ஃபோனில் போட்டு வையுங்கள், 102 டிகிரி காய்ச்சலில் தேட முடியாது.

நீண்டகால நோய், பார்வை அல்லது கேட்கும் சிரமம், டிஸ்லெக்சியா, மனநலச் சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடு கேட்கும் உரிமை உண்டு. நாக்டைல்ஸ்அவ்ஸ்க்லைஷ் என்று பெயர். மருத்துவச் சான்றோடு செமஸ்டர் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். மார்க் ஷீட்டில் இது எங்கேயும் வராது. நம் வீடுகளில் இதையெல்லாம் வெளியே சொல்லக்கூடாது என்று வளர்த்திருப்பார்கள், அங்கே அப்படிப் பார்ப்பதில்லை.

படி 7: ரிசல்ட்டும் விடைத்தாளைப் பார்க்கும் நாளும்

1.0 தான் உச்சம், 4.0 பாஸ், 5.0 ஃபெயில். இடையில் 1.3, 1.7, 2.0 என்று படிகள். "2.3 வாங்கியிருக்கிறேன்" என்று வீட்டில் சொன்னால் அம்மா பதறிவிடுவார், முன்பே விளக்கிவிடுங்கள். கல்லூரியில் 9க்கு மேல் வாங்கிப் பழகியவர்களுக்கு முதல் செமஸ்டரில் 2.7 வந்தால் உலகமே இடிந்துபோன மாதிரி இருக்கும். அது கௌரவமான மார்க்தான்.

ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் ஐன்ஸிஷ்ட் என்று ஒரு தேதி போடுவார்கள். உங்கள் திருத்திய விடைத்தாளை உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு, பைசா செலவில்லை. பாஸ் ஆனாலும் போங்கள், தோற்றால் கட்டாயம் போங்கள். இதற்கும் சில பாடங்களில் முன்பதிவு வேண்டும். ஒரு அறையில் அடையாள அட்டையைக் காட்டி உங்கள் தாளை வாங்கிக்கொள்வீர்கள், ஃபோன் எடுக்கக் கூடாது, உங்கள் பேனாவைப் பையில் வைக்கச் சொல்வார்கள், மாதிரி விடை ஒரு மேசையில் இருக்கும், இருபது நிமிடமோ அரை மணியோ நேரம். முதலில் கூட்டலைச் சரிபாருங்கள். அப்புறம் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், அவசரத்தில் பின்பக்கம் விடுபடுவது நடக்கக்கூடியதுதான். பிறகு மாதிரி விடையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். 45 புள்ளி பாஸ், உங்களிடம் 43.5 என்றால், "ஒன்றரை மார்க்தான், பார்த்துப் போடுங்கள்" என்பது வேலைக்கு ஆகாது. "இந்தச் சமன்பாட்டுக்கு மாதிரி விடையில் 2 புள்ளி இருக்கிறது, என் தாளிலும் அதே சமன்பாடு வேறு குறியீட்டில் இருக்கிறது, 0 போட்டிருக்கிறீர்கள்" என்று விரல் வைத்துக் காட்டினால் பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டு திரும்பப் பார்ப்பார்கள். குரலை உயர்த்தவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

படி 8: பேராசிரியருக்கு எழுதுவது

பல்கலைக்கழக மெயிலிலிருந்து எழுதுங்கள், ஜிமெயிலிலிருந்து அல்ல. "ரெஸ்பெக்டட் சார்" வேண்டாம், பேராசிரியர் என்ற பட்டத்தோடு குடும்பப் பெயரைப் போட்டால் போதும். உங்கள் பெருமை, அவர் பெருமை எதுவும் வேண்டாம். இந்த அளவு போதும்: "நான் உங்கள் கன்ட்ரோல் இன்ஜினியரிங் பாடத்தில் இருக்கிறேன், மாணவர் எண் இது. ஐந்தாம் பயிற்சித் தாளின் மூன்றாம் கணக்கில் மாதிரி விடையில் குறி ஏன் மாறுகிறது என்று புரியவில்லை. நான் செய்த வழியை இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமை உங்கள் சந்திப்பு நேரத்தில் வரலாமா?" மெயிலுக்கு மூன்று நாள் பதில் வராவிட்டால் கோபித்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை, ஒரு வாரம் கழித்து மரியாதையாக நினைவூட்டலாம்.

நேரில் போனால் நீங்கள் எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்பதைக் காட்டுங்கள். "சார், மூன்றாவது யூனிட் முழுக்கப் புரியவில்லை" என்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் சொல்லும் விமர்சனம் முகத்துக்கு நேரே இருக்கும், இது தவறு என்றால் தவறு என்பார், மழுப்ப மாட்டார். உங்கள்மேல் கோபமில்லை, அந்தக் கணக்கின்மேல்தான்.

படி 9: காப்பி, மேற்கோள், ஏஐ

நம் ஊரில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதும், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டுவதும் சகஜம். ஜெர்மனியில் இந்த விஷயத்தில் அமைச்சர்களே தப்பவில்லை. முனைவர் ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்டதற்காகப் பாதுகாப்பு அமைச்சர் கார்ல்-தியோடர் ட்ஸு குட்டன்பர்க் 2011இல் பதவி விலகினார். 2013இல் கல்வி அமைச்சர் அனெட் ஷாவானின் முனைவர் பட்டத்தை டுசல்டார்ஃப் பல்கலைக்கழகம் பறித்தது, அவரும் போனார். அவர் பட்டம் வாங்கியது 1980இல். செமினார் அறிக்கையில் இரண்டு பத்தி ஒட்டுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் இது என் சொந்த வேலை, பயன்படுத்திய எல்லாவற்றையும் குறிப்பிட்டிருக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவீர்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. ஏஐ கருவிகள் விஷயத்தில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விதி, பேராசிரியருக்கு ஒரு விதி என்று இருக்கிறது. இலக்கணம் திருத்தலாமா, புரோகிராம் கோடு எழுதலாமா, எப்படிக் குறிப்பிடுவது என்று வேலையைத் தொடங்கும் முன் மெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தடுமாற்றமாக இருந்தால் எழுத்துப் பயிற்சி மையம் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, உங்கள் வரைவை எடுத்துப் போனால் உட்கார்ந்து பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். காசு கிடையாது.

படி 10: பணமும் மனசும்

படிப்பு சறுக்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். 2024 செப்டம்பரிலிருந்து பிளாக்டு அக்கவுண்டில் காட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதம் 992. மியூனிக் மாதிரி ஊரில் வாடகையே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஊரில் கல்விக் கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதனால் வேலைக்குப் போகாமல் இருங்கள் என்று உபதேசம் செய்ய நான் தயாரில்லை. ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது 2024 மார்ச்சிலிருந்து இருக்கும் கணக்கு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் மாணவர் உதவியாளர் வேலை, ஹிவி என்பார்கள், இந்தக் கணக்கில் சேராது. இரவு ஷிப்டில் பார்சல் தூக்குவதைவிடச் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஹிவியைத் தேடுங்கள், தீசிஸுக்கான பேராசிரியரும் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார். தேர்வு நெருங்கும் ஜனவரியிலும் ஜூலையிலும் எந்த முதலாளிக்கும் ஷிப்ட் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

திடீரென்று பணம் நின்றுபோனால் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன. ஷ்டூடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் சமூக ஆலோசனைப் பிரிவு ஒன்று. மாணவர் விடுதியும் மென்சா உணவகமும் இவர்களுடையதுதான். பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகம் இரண்டாவது: டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் ஸ்டிபெட் நிதியிலிருந்து, படிப்பை முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்களுக்குச் சில மாத உதவித்தொகை பல இடங்களில் கொடுக்கிறார்கள், கேட்பவர்களுக்குத்தான் தெரியும். மூன்றாவது, ஈஎஸ்ஜி என்ற புராட்டஸ்டன்ட் மாணவர் அமைப்பு. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கான அவசர நிதி அவர்கள் வழியாக வருகிறது, நீங்கள் என்ன மதம் என்று பார்ப்பதில்லை.

மனசு விஷயம். நவம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும். பேச ஆளில்லை, தேர்வு பயம், வீட்டில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்த பிறகு தூக்கம் வராது. மனநல ஆலோசனை மாணவர் நல அமைப்பிலேயே உண்டு, பெரும்பாலும் இலவசம், பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசலாம், பல்கலைக்கழகத்துக்கோ விசா அலுவலகத்துக்கோ தகவல் போகாது. முதல் சந்திப்புக்குச் சில வாரம் காத்திருக்க நேரிடலாம், அதனால் முற்றும் வரை காத்திருக்காமல் தூக்கம் கெட ஆரம்பித்ததுமே பதிவு செய்யுங்கள்.

படி 11: தீசிஸ்

30 கிரெடிட், பொதுவாக ஆறு மாதம். தலைப்பைப் பேராசிரியர் தருவார் என்று காத்திருக்கக் கூடாது. எந்த ஆய்வுக்குழுவில் என்ன நடக்கிறது என்று பார்த்து, அவர்களின் சமீபத்திய கட்டுரைகளில் ஒன்றிரண்டைப் படித்துவிட்டு, தொடங்க நினைக்கும் தேதிக்கு மூன்று நாலு மாதம் முன்பே எழுதுங்கள். கம்பெனியில் செய்ய ஆசைப்பட்டால் முதலில் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு பேராசிரியரைத் தேடினால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள்.

தேர்வு அலுவலகத்தில் தீசிஸைப் பதிவு செய்த நாளிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். அதனால் முன்னாய்வையும் கருவிகளைக் கற்றுக்கொள்வதையும் பதிவுக்கு முன்பே கொஞ்சம் முடித்துவிடுவது வழக்கம், பேராசிரியர்களும் இதை ஒப்புக்கொள்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வழிகாட்டியைப் பாருங்கள், காட்ட ஒன்றுமில்லை என்ற வாரத்தில் கண்டிப்பாகப் பாருங்கள். கடைசித் தேதியை நீட்டிக்க உண்மையான காரணமும் ஆதாரமும் வேண்டும், விண்ணப்பம் தேதிக்கு முன்பே போக வேண்டும்.

சமர்ப்பித்துவிட்டு உடனே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். தீசிஸைப் பாதுகாத்துப் பேசும் கொலோக்கியம் இருக்கலாம், இரண்டு பேர் திருத்தி மார்க் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம், சான்றிதழ் அச்சாக இன்னும் சில வாரம். இடையில் அடுத்த செமஸ்டருக்கான மறுபதிவுத் தேதி வந்தால் கட்டணத்தைக் கட்டிவிடலாமா என்று தேர்வு அலுவலகத்தில் கேளுங்கள், பதிவு விட்டுப்போனால் மாணவர் இன்சூரன்ஸும் சேர்ந்து போகும். எல்லாத் தேர்வும் முடிந்தது என்பதற்குத் தற்காலிகச் சான்று ஒன்றை அவர்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள். வேலை தேடுவதற்கான 18 மாத குடியிருப்பு அனுமதிக்குப் போகும்போது பட்டம் அச்சாகி வராவிட்டாலும் அதை வைத்துப் பேசிப் பார்க்கலாம், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே பல ஊர்களில் மாதக்கணக்கில் ஆகிறது என்பதால் அதற்கான மெயிலைத் தீசிஸ் சமர்ப்பித்த வாரமே அனுப்பிவிடுங்கள்.